ஒரு தகட்டில் குடியிருக்கும் துப்பாக்கி

பிரௌனிங் எம்1919 ஏ4 இயந்திரத் துப்பாக்கியைக் கழற்றி மேசைமேல் பரப்பினால் இடம் போதாது. குழல், அதைச் சுற்றிய துளையிட்ட எஃகு உறை, மேல்மூடி, தோட்டாப் பட்டியை இழுத்துக்கொடுக்கும் கொக்கி, கனத்த போல்ட், பின்பக்கக் கைப்பிடி. எல்லாம் சேர்த்து 14 கிலோ, முக்காலி தனி. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கக் காலாட்படை தோளில் தூக்கித் திரிந்த ஆயுதம் இது. இந்தக் குவியலில் துப்பாக்கி எது?

கேள்வி தத்துவ வகுப்பில் கேட்பதுபோல் இருக்கிறது. அமெரிக்க அரசு இதற்குத் தயங்காமல் பதில் சொல்கிறது. பெட்டிபோன்ற நடுப்பகுதியின் வலதுபக்கத் தகடுதான் துப்பாக்கி. ஓர் அடிக்குச் சற்று நீளமான செவ்வக எஃகு. வரிசை எண் அதில்தான் பொறிக்கப்படும். உரிமம், வரி, சிறைத் தண்டனை எல்லாம் அதையே சுற்றி வரும். மற்றவை உதிரிபாகங்கள்.

இந்தப் பதிலை நம்பி ஒரு சிறு தொழிலே நடக்கிறது. இஸ்ரேல் உட்படப் பல நாட்டுப் படைகள் கழித்துப்போட்ட பிரௌனிங்குகள், நடுப்பெட்டியை மட்டும் தீயால் அறுத்துச் சிதைத்தபின் பாகங்களாக அமெரிக்காவுக்கு வந்தன. வாங்கியவர் புதிதாகச் செய்த ஒரு வலதுபக்கத் தகட்டைச் சேர்த்து, பழைய முறைப்படியே ரிவெட் அடித்துப் பெட்டியைக் கட்டுவார். புதுத் தகட்டின் உள்புறம் ஒரு எஃகு மேடு இருக்கும். போரில் இருந்த போல்ட் அதைத் தாண்டி உள்ளே போகாது. வேறு மாதிரி கடைந்த போல்ட்தான் பொருந்தும். விசையை ஒருமுறை இழுத்தால் ஒரு தோட்டா, மறுபடி இழுத்தால் அடுத்தது. பார்வைக்கு 1944. சட்டத்துக்கு ஒரு சாதாரண அரைத் தானியங்கித் துப்பாக்கி.

பிரௌனிங் மட்டுமல்ல, ஜெர்மனியின் எம்ஜி42, வான்குடைப் படையினருக்கென்று செய்த எஃப்ஜி42, சிகாகோ ரவுடிகளால் பெயர்பெற்ற தாம்ப்சன் என்று எல்லாவற்றுக்கும் இப்படிப் பிரதி உண்டு. முதல் உலகப் போரின் கடைசி மாதங்களில் களத்துக்கு வந்த பிஏஆர் துப்பாக்கியை ஒஹையோ மாநிலத்தின் ஒஹையோ ஆர்ட்னன்ஸ் நிறுவனம் 1918ஏ3 என்ற பெயரில் விற்கிறது. மூலத்தில் போல்ட் பின்னால் திறந்து நிற்கும். விசையை இழுத்ததும் முன்னால் பாய்ந்து சுடும். பிரதியில் போல்ட் மூடிய நிலையிலேயே காத்திருக்கும். தோற்றம் அப்படியே இருக்க, இயங்கும் முறையே உள்ளுக்குள் தலைகீழாகிவிட்டது.

இந்த நிலை வந்த கதை சுருக்கமானது. 1929 பிப்ரவரி 14 அன்று சிகாகோவில் ஏழு பேர் சுவரோரம் நிறுத்திச் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். கொலையாளிகளின் கையில் தாம்ப்சன் இருந்தது. 1934-ல் வந்த தேசியத் துப்பாக்கிச் சட்டம் இயந்திரத் துப்பாக்கியைத் தடை செய்யவில்லை. பதிவு செய்யச் சொல்லி 200 டாலர் வரி போட்டது. அன்று ஒரு தாம்ப்சனின் விலையும் ஏறத்தாழ அவ்வளவுதான். 1968-ல் இறக்குமதிக்குக் கதவு சாத்தப்பட்டது. 1986 மே 19-க்குப் பிறகு புதிதாக எந்த இயந்திரத் துப்பாக்கியும் பொதுமக்கள் கைக்குப் போக வழியில்லை. அதற்குமுன் பதிவானவை மட்டுமே கைமாறலாம். எண்ணிக்கை உறைந்துவிட்டது, விலை ஆயிரக்கணக்கான டாலர்களில் ஏறியது. அந்தப் பணம் இல்லாதவர்களுக்குத்தான் பிரதி.

ஏதென்ஸ்காரர்கள் தீசியஸின் கப்பலை நெடுங்காலம் பாதுகாத்ததாக புளூட்டார்க் எழுதியிருக்கிறார். உளுத்த பலகையை எடுத்துப் புதுப் பலகை போட்டுக்கொண்டே வந்தார்கள். எல்லாப் பலகையும் மாறியபின் அது அதே கப்பல்தானா என்று தத்துவவாதிகள் சண்டை போட்டார்கள். 1655-ல் தாமஸ் ஹாப்ஸ் இதில் ஒரு குறும்பைச் சேர்த்தார். கழற்றிய பழைய பலகைகளை ஒருவர் பத்திரமாகச் சேர்த்து வைத்து, அதே வரிசையில் இன்னொரு கப்பல் கட்டினால்? அப்போது தீசியஸின் கப்பல் எது?

ஹாப்ஸ் கற்பனையில் கட்டிய அந்த இரண்டாவது கப்பல் இப்போது அமெரிக்க வீடுகளின் பட்டறைகளில் நிஜமாக நிற்கிறது. குழலும் மூடியும் கைப்பிடியும் போரில் இருந்தவையாகவே இருக்கலாம். ஒரே ஒரு பலகைதான் புதிது. சட்டமோ அந்த ஒன்றையே கப்பல் என்று முத்திரை குத்தி வைத்திருக்கிறது.

நம் பக்கத்தில் இந்த வழக்கைக் கிரேக்க அரசன் மிலிந்தனும் பிக்கு நாகசேனரும் இன்னும் கூர்மையாக நடத்தினார்கள். அரசன் வந்தது தேரில். அச்சு தேரா, சக்கரம் தேரா, நுகம் தேரா என்று நாகசேனர் ஒவ்வொன்றாகக் கேட்க, அரசன் இல்லை இல்லை என்றே சொல்ல வேண்டியிருந்தது. பாகங்கள் ஒன்றுகூடிய நிலைக்கு நாம் வைத்துக்கொண்ட பெயரே தேர் என்பது பௌத்தரின் முடிவு. நியாய மரபினர் இதை ஏற்கவில்லை. அவயவங்களுக்கு மேலாக அவயவி என்று முழுப்பொருள் ஒன்று தனியாக உண்டு, ஒரு பாகம் கழன்றால் பழைய முழுப்பொருள் அழிந்து புதியது பிறக்கிறது என்றார்கள். அமெரிக்க அரசு இந்த இரு கட்சியிலும் இல்லை. நாகசேனர் சக்கரத்தைக் காட்டி இதுவா தேர் என்று கேட்டிருந்தால், ஆமாம், வரிசை எண் அதில்தான் இருக்கிறது என்று சொல்லியிருக்கும். தத்துவமாக அபத்தம், நிர்வாகமாக வேறு வழியில்லை. எண்ணைப் பொறிக்க ஏதாவது ஒரு இடம் வேண்டுமே.

சிக்கல் அங்கே முடிவதில்லை. எம்14 ரைஃபிளை எடுத்துக்கொள்வோம். 1957-ல் அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொண்ட இதில் தானியங்கியாகச் சுடும் வசதி இருந்தது. அப்படிச் சுட்டால் குறி நிற்காது என்று கண்டு, பெரும்பாலான துப்பாக்கிகளில் அந்த வசதியைப் பூட்டிவிட்டே வீரர்களிடம் தந்தார்கள். ஒற்றைத் தோட்டாவாக மட்டுமே சுட்டுப் பழகிய ஒரு எம்14-ம் சட்டப்படி இயந்திரத் துப்பாக்கிதான். வசதியைப் பற்றவைத்து நிரந்தரமாக அடைத்தாலும் அந்தப் பட்டம் போகாது. ஆயுதங்களைக் கண்காணிக்கும் ஏடிஎஃப் துறையின் நிலை இது: ஒருமுறை இயந்திரத் துப்பாக்கி என்றால் என்றைக்கும் இயந்திரத் துப்பாக்கி. அறுத்து அழித்தால்தான் விடுதலை. பக்கத்தில் எம்1ஏ என்று தனியார் செய்து விற்கும் பிரதி நிற்கிறது. அளவு, எடை, தோட்டா, சுடும் விதம் எதிலும் பூட்டிய எம்14-க்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. அதைக் கடையில் வாங்கலாம். ஒன்றுக்கு முற்பிறவி உண்டு, மற்றதற்கு இல்லை, வேறுபாடு அவ்வளவே.

முற்பிறவி என்பது விளையாட்டாகச் சொன்னதல்ல. ஒரு பொருள் இப்போது என்ன செய்கிறது என்பதோடு நில்லாமல், அது என்னவாக இருந்தது, இனி என்னவாகக்கூடும் என்றும் சட்டம் கேட்கிறது. தானாகத் தொடர்ந்து சுடுகிற, அப்படிச் சுட வடிவமைத்த, எளிதில் அப்படி மீட்டுவிடக்கூடிய எதுவும் இயந்திரத் துப்பாக்கி என்பது அதன் வரையறை. இந்த மூன்றாவது பகுதியைப் படிக்கிற சைவ சித்தாந்தி நிமிர்ந்து உட்காருவார். எள்ளில் எண்ணெய் முன்பே இருக்கிறது, இல்லாத ஒன்று தோன்றாது, காரியம் காரணத்திலேயே ஒடுங்கி நிற்கிறது என்பது சாங்கியரும் சித்தாந்தியும் சேர்ந்து ஒப்புக்கொண்ட சற்காரியவாதம். நையாயிகர் மறுப்பார்: காரியம் புதிதாகப் பிறப்பது, பிறக்கும்வரை அது இல்லை.

ஏடிஎஃப் 1982-ல் சற்காரியவாதியாக மாறியது. திறந்த போல்ட்டிலிருந்து சுடும் சில அரைத் தானியங்கித் துப்பாக்கிகளைத் தானியங்கியாக மாற்றுவது மிக எளிது. ஆகவே மாற்றாமல் இருக்கும்போதே அவை இயந்திரத் துப்பாக்கிகள் என்று அறிவித்தது. இன்றைய பிரதிகள் மூடிய போல்ட்டோடு வருவதற்கும், உள்ளே அந்த எஃகு மேடு இருப்பதற்கும் பின்னணி இதுதான். எண்ணெய் வராத எள்ளாகச் செய்து காட்டவேண்டிய கட்டாயம் தயாரிப்பாளருக்கு. இதே தர்க்கத்தில் ஒருபடி மேலே போய், 2004-ல் இருபுறமும் கண்ணி போட்ட 14 அங்குல ஷூ கயிறு ஒன்றையே இயந்திரத் துப்பாக்கி என்று எழுதிக் கொடுத்தார்கள். ஒருவகை ரைஃபிளோடு சேர்ந்தால் அது தொடர்ந்து சுட வைக்கும் என்பது காரணம். 2007-ல் திருத்திக்கொண்டார்கள்: கயிறு தனியாக இருந்தால் கயிறுதான். நையாயிகருக்கு ஒரு சின்ன வெற்றி.

இயந்திரத் துப்பாக்கியின் சுபாவம் தகட்டிலும் இல்லை, உள்ளுறை ஆற்றலிலும் இல்லை, விரலுக்கும் விசைக்கும் இடையில்தான் இருக்கிறது என்ற வாதம் உச்ச நீதிமன்றம்வரை போனது. 2017 அக்டோபர் 1 அன்று லாஸ் வேகஸில் ஓட்டல் மாடியிலிருந்து இசை நிகழ்ச்சிக் கூட்டத்தை நோக்கி ஒருவன் சுட்டதில் ஏறத்தாழ அறுபது உயிர்கள் போயின. அவன் வைத்திருந்த பல ரைஃபிள்களில் பம்ப் ஸ்டாக் என்ற கருவி பூட்டியிருந்தது. துப்பாக்கியின் உதைப்பைக்கொண்டே விசையை விரலில் மறுபடி மறுபடி மோதவைக்கும் கருவி அது. மறு ஆண்டே ஏடிஎஃப் அதை இயந்திரத் துப்பாக்கி என்று அறிவித்தது. 2024 ஜூன் 14-ல் வந்த கார்லண்ட் எதிர் கார்கில் தீர்ப்பில் ஆறு நீதிபதிகள் அதை ரத்து செய்தார்கள், மூவர் எதிர்த்தார்கள். நீதிபதி கிளாரன்ஸ் தாமஸ் எழுதிய தீர்ப்பில் விசை அமைப்பின் படங்கள்கூட உண்டு. ஒவ்வொரு தோட்டாவுக்கும் விசை ஒருமுறை விடுபட்டுத் திரும்ப இயங்குகிறது, ஆகவே இது இயந்திரத் துப்பாக்கி அல்ல என்றார். நீதிபதி சோனியா சோட்டோமயோர் மாற்றுத் தீர்ப்பில், நடையும் குரலும் வாத்துடையதாக இருக்கும் பறவையை வாத்து என்றே தாம் சொல்வதாக எழுதினார். ஒருவர் உள்ளே எப்படி இயங்குகிறது என்று பார்த்தார், மற்றவர் வெளியே என்ன நடக்கிறது என்று பார்த்தார். பொருளின் சுபாவம் எதில் இருக்கிறது என்ற பழைய சண்டை, இந்த முறை பிணங்களோடு.

1955-லேயே இதற்கு ஒரு முன்னோட்டம் நடந்திருக்கிறது. கையால் சுழற்றும் பழைய கேட்லிங் துப்பாக்கி இயந்திரத் துப்பாக்கி அல்ல என்று அன்றைய வருவாய்த் துறை விதித்தது. சுடுவது கைப்பிடியைச் சுற்றும் கைதான், இயந்திரமல்ல. அதே சுழல்குழல் அமைப்பை மின்மோட்டார் சுழற்றினால் தீர்ப்பு மாறிவிடும். மனித உழைப்பு இருக்கும்வரை அது கருவி, உழைப்பு போனால் அது இயந்திரம். இந்த வழக்குக் குவியலில் மனித ஒழுக்கத்துக்குக் கொஞ்சமாவது நெருங்கி வந்த வரையறை இது ஒன்றுதான் என்று தோன்றுகிறது.

தோற்றத்தை வைத்துத் தீர்மானித்தவர்களும் உண்டு. போர் ஆயுதம்போல் தோன்றும் அரைத் தானியங்கித் துப்பாக்கியைச் சாதாரணக் குடிமகன் வைத்திருக்கக் கூடாது என்று ஜெர்மனி 2003 வரை சட்டம் வைத்திருந்தது. உள்ளே என்ன இருக்கிறது என்பதல்ல கேள்வி. என்ன நினைவை எழுப்புகிறது என்பதே. அந்த நாட்டின் வரலாறு தெரிந்தவர்களுக்கு இது விளங்காமல் போகாது. அமெரிக்காவிலும் 1994 முதல் 2004 வரை அமலில் இருந்த தடை, துப்பாக்கிமுனைக் கத்தி மாட்டும் கொக்கி போன்ற வெளி அடையாளங்களை எண்ணிப் பார்த்தது. கொக்கியை எடுத்துவிட்டால் அதே துப்பாக்கி கடைக்குத் திரும்பியது. கேலி செய்யாதவர் இல்லை. ஆனால் கேலி செய்தவர்கள் ஒன்றைக் கவனிக்கவில்லை. பிரதி வாங்குகிறவரும் வாங்குவது தோற்றத்தைத்தான்.

பிரதிகளின் உண்மையான முரண் இங்கேதான். இரண்டு சபைகளில் அதன் உரிமையாளர் இரண்டு விதமாகச் சாட்சி சொல்லவேண்டியிருக்கிறது. நண்பர்களிடம், இது அதேதான். குவாடல்கனாலில் 1942 அக்டோபர் இரவில் ஜான் பாசிலோன் பிடித்து நின்றாரே, அந்த பிரௌனிங்குகளின் குடும்பம். ஜப்பானியர் அலையலையாக வந்த அந்த இரவுக்காக பாசிலோனுக்கு அமெரிக்காவின் உயரிய விருது கிடைத்தது. 1945-ல் இவோ ஜீமாவில் இறந்தார். அவர் கையாண்டது தண்ணீர் உறை போட்ட எம்1917, காற்றில் குளிரும் 1919 அதன் தம்பி. உரிமையாளருக்கு இந்த வேறுபாடும் தெரியும்; அதைச் சொல்லும்போதே ஒரு பரவசம் வரும். அரசாங்கத்திடம் சாட்சி மாறுகிறது: இது அது அல்ல, வேறு; உள்ளே பாருங்கள். இரண்டும் பொய்யில்லை. ஒரே பொருளை ஒரே மூச்சில் அதுவே என்றும் அதுவல்ல என்றும் சொல்ல சங்கரருக்கு இரண்டு நிலை உண்மைகள் தேவைப்பட்டன. இவருக்கு ஒரு ரசீது போதும்.

இனி மனம். 1994-ல் ஸ்டேபிள்ஸ் வழக்கில், ஒருவரிடம் இருந்த ஏஆர்-15 தானியங்கியாகச் சுடும் நிலையில் இருந்ததாக அரசு நிரூபித்தது. தன் கையில் அது ஒருபோதும் அப்படிச் சுட்டதில்லை, அப்படிச் சுடும் என்று தனக்குத் தெரியவே தெரியாது என்றார் அவர். துப்பாக்கியின் தன்மை அவருக்குத் தெரிந்திருந்தது என்பதையும் அரசு நிரூபிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மஜ்ஜிம நிகாயத்தில் உபாலி என்ற சமண இல்லறத்தான் புத்தரோடு நடத்திய வாதம் இதே இடத்தில் நிற்கிறது. உடலால் செய்த தீவினையே பெரிது என்பது உபாலி கொண்டுவந்த, அவன் குரு நிகண்ட நாதபுத்தரின் கட்சி. மனத்தால் செய்ததே பெரிது என்பது புத்தரின் கட்சி. வாஷிங்டன் இந்த ஒருமுறை புத்தர் பக்கம் சாய்ந்தது.

மனத்தைக் கணக்கில் எடுத்தால் செய்தவர்களின் மனத்தையும் எடுக்கவேண்டும். அங்கே வரலாறு விசித்திரமானது. 1718-ல் லண்டன் வழக்கறிஞர் ஜேம்ஸ் பக்கிள் காப்புரிமை பெற்ற துப்பாக்கியில் கிறிஸ்தவர்களைச் சுட உருண்டைத் தோட்டா, துருக்கியரைச் சுடச் சதுரத் தோட்டா. காயம் அதிகம் வலிக்கவேண்டும் என்ற பக்தி! ரிச்சர்ட் கேட்லிங் மருத்துவம் படித்தவர். அமெரிக்க உள்நாட்டுப் போரில் நோயாலும் காயத்தாலும் வீரர்கள் சாவதைப் பார்த்து, ஒருவனே நூறு பேரின் வேலையைச் செய்யும் துப்பாக்கி இருந்தால் பெரிய படைகளே தேவைப்படாது, சாவும் குறையும் என்று நினைத்ததாகப் பின்னர் ஒரு கடிதத்தில் எழுதினார். ஜான் பிரௌனிங் மார்மன் சபையைச் சேர்ந்தவர். 1887-ல், புகழ் ஏறிக்கொண்டிருந்த நேரத்தில், பட்டறையை விட்டுவிட்டு ஜார்ஜியாவுக்கு மதப் பிரசாரத்துக்குப் போனார். திரும்பி வந்து இயந்திரத் துப்பாக்கி செய்தார். இவர்களில் யாரையும் கொடியவர் என்று சொல்லிவிட முடியாது, அதுதான் சங்கடம்.

சங்கடத்தை வாய்விட்டுச் சொன்னவர் மிகைல் கலாஷ்னிகோவ் ஒருவரே. ஏகே துப்பாக்கியைச் செய்த அவர் 2013 டிசம்பரில் 94 வயதில் இறந்தார். அதற்குமுன் ரஷ்யத் திருச்சபையின் தலைவர் கிரிலுக்குக் கடிதம் எழுதியிருந்தது மறு மாதம் வெளியானது. தன் துப்பாக்கி உயிர்களைப் பறித்தது என்றால், எதிரிகளுடையதாகவே இருந்தாலும், விவசாயி மகனும் கிறிஸ்தவனுமான தான் அந்தச் சாவுகளுக்குப் பொறுப்பா என்று கேட்டிருந்தார். தாய்நாட்டைக் காக்கும் ஆயுதம் என்றால் செய்தவரையும் ஏந்தியவரையும் சபை ஆதரிக்கும் என்பது பதில்.

அந்தப் பதிலைப் பிரதிகளின் மேல் வைத்துப் பார்த்தால் அது பொருந்தாமல் நழுவுகிறது. 14 கிலோ பிரௌனிங்கை முக்காலியில் பூட்டி மானும் வேட்டையாட முடியாது, திருடனையும் விரட்ட முடியாது. தாய்நாடு இதைக் கேட்கவில்லை. பொருளின் நோக்கத்தையே அதன் காரணங்களில் ஒன்றாக எண்ணிய அரிஸ்டாட்டில் இதைப் பார்த்தால் குழம்பியிருப்பார். நோக்கத்தைக் கவனமாக நீக்கி, வடிவத்தை மட்டும் காப்பாற்றி, அதற்கு விலை கொடுக்கிறார்கள். இந்த நோக்கமின்மையையே உரிமையாளர்கள் தங்கள் நிரபராதித்தனத்துக்குச் சாட்சியாகக் காட்டுகிறார்கள். பாதிக்குமேல் அது நியாயமும்கூட. லாஸ் வேகஸ் கொலைகாரன் பிரௌனிங்கைத் தேடிப் போகவில்லை.

மீதிப் பாதி உறுத்துகிறது. இந்தப் பிரதிக்கு மதிப்பு எங்கிருந்து வந்தது? 1898-ல் ஓம்துர்மானில் மாக்சிம் இயந்திரத் துப்பாக்கிகளும் ரைஃபிள்களும் பீரங்கிகளும் சேர்ந்து ஒரே காலையில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட சூடானியரைக் கொன்றன. பிரிட்டிஷ்-எகிப்திய தரப்பில் ஐம்பது பேர்கூட இறக்கவில்லை. 1916 ஜூலை 1 அன்று சோம் களத்தில் மாக்சிமின் ஜெர்மன் வழித்தோன்றலுக்கு முன்னே நடந்த பிரிட்டிஷ் வீரர்களில் 19,240 பேர் அன்றே செத்தார்கள், பலர் அந்தத் துப்பாக்கிகளால். இவையெல்லாம் நடக்காமல் ஒரு பட்டறையில் ஓர் அழகான கடிகார வேலையாக மட்டும் இயந்திரத் துப்பாக்கி நின்றிருந்தால், அதற்குப் பிரதி செய்ய யாரும் ரிவெட் அடித்துக்கொண்டிருக்க மாட்டார்கள். தகட்டையும் போல்ட்டையும் மாற்றலாம். மாற்ற முடியாமல் மூலத்திலிருந்து பிரதிக்குக் கடந்து வருவது இந்தச் சாவுகளின் ஒளிவட்டம் மட்டும்தான். அதை ஏடிஎஃப் அளக்க முடியாது, அளக்கச் சொல்வதும் நியாயமில்லை.

கொலைக் கருவியின் பிரதியை வைத்துப் போற்றுவது அமெரிக்காவுக்குப் புதிதல்லவே என்று ஒருவர் மறுக்கலாம். ஒவ்வொரு ஊர்த் தேவாலயத்தின் உச்சியிலும் நிற்பது ரோமானியர்கள் மனிதரை ஆணியடித்துக் கொன்ற மரத்தின் பிரதிதான். மறுப்பு பலமானது. ஆனால் சிலுவையை நிமிர்ந்து பார்க்கிறவர் அதில் தொங்கியவரின் பக்கம் நிற்கிறார். பிரௌனிங்கின் பின்னால் குந்துகிறவருக்கு அங்கே ஒரே ஒரு இடம்தான் இருக்கிறது, கைப்பிடிக்குப் பின்னால். எதிர்ப்பக்கம் நின்று பார்க்க அந்தப் பிரதியில் வசதி இல்லை. போர் நிகழ்ச்சிகளை மறுபடி நடித்துக் காட்டும் குழுக்களில் எதிர்ப்பக்கம் ஓடிவந்து விழுகிறவர்கள் இருக்கிறார்கள். அருங்காட்சியகங்கள் இறந்தவர்களின் பெயரைச் சுவரில் எழுதுகின்றன. வரலாற்றுக்காகத்தான் வாங்கினேன் என்று சொல்பவரிடம் அந்த மறுபக்கம் என்னவாக இருக்கிறது என்று கேட்பதில் தவறில்லை. பதில் வைத்திருப்பவர்களும் உண்டு. தந்தையோ தாத்தாவோ அந்தத் துப்பாக்கியின் எந்தப் பக்கம் இருந்தார் என்று தொடங்கிப் பேசுவார்கள்.

வேறு சிலர் பேச்சை வளர்ப்பதில்லை. ஒற்றைத் தோட்டா அவர்களுக்குப் போதவில்லை. 1955 தீர்ப்பை நினைத்துக்கொண்டு, தங்கள் அரைத் தானியங்கி பிரௌனிங்கின் விசையில் கையால் சுழற்றும் ஒரு சின்னக் கைப்பிடியைப் பூட்டிக்கொள்கிறார்கள். சுடுவது கைதான், இயந்திரமல்ல. 250 தோட்டாக்கள் கோத்த துணிப்பட்டி ஒன்று, பழைய நியூஸ் ரீல்களில் கேட்ட அதே தாளத்தில், ஒரு நிமிடத்துக்குள் தீர்ந்துவிடுகிறது. தோட்டா ஒன்று ஏறக்குறைய ஒரு டாலர் ஆகிற காலத்தில் இரண்டாவது பட்டியை மாட்டுவதற்குமுன் பெரும்பாலோர் கொஞ்சம் யோசிக்கிறார்கள்.